ஆ, இ, ஈ பெட்டிகளில் நடந்த பிழை

மகன்,

இதைப் பேனையால் எழுதுகிறேன். பிழை விட்டால் அழிக்கக் கூடாது, ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் பெயரின் முதல் எழுத்தைப் போடவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. சென்ட் லோரன்டில் அவர் வேலை செய்யும் மருந்துத் தொழிற்சாலையில் அப்படித்தானாம். நீ கல்கரிக்குக் குடிபோக இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. மற்றத் தகப்பன்மார் என்றால் தடித்த காலுறை போடு, நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதுவார்கள். மொன்றியலில் பிறந்த உனக்குக் குளிரைப் பற்றி நான் என்ன சொல்ல? சாப்பாட்டைப் பற்றி நான் சொன்னதை நீ என்றைக்குக் கேட்டாய்? ஆகவே நான் செய்த ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நீ மட்டும் வாசித்தால் போதாது. பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் என்னோடு கோப்பி குடிக்கிற நாலைந்து பேரும் வாசிக்கவேண்டும். அதனால் எங்கள் கத்தோலிக்கப் பங்கு மலருக்கும் ஒரு பிரதி கொடுக்கிறேன். ஏன் என்று போகப்போக விளங்கும்.

நீ யூனிவர்சிட்டிக்குப் போன காலத்தில், போட்டிக்குப் பிஸ்டல் சுடும் கழகத்தில் சேரப்போகிறேன் என்று சொன்ன நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். "ஊரில எந்தச் சத்தத்துக்குப் பயந்து நாங்கள் ஓடி வந்தனாங்கள் எண்டு தெரியுமோ உனக்கு?" என்று நான் போட்ட சத்தம், அந்தச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. அம்மா உன்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. நீ பரீட்சை எழுதி, அனுமதிப் பத்திரம் எடுத்து, பூட்டுப் பெட்டி வாங்கி, எல்லாம் முறைப்படி செய்தாய். கடதாசி வட்டத்தைச் சுடுகிற விளையாட்டு என்று எங்களுக்கு விளங்க இரண்டு வருடம் எடுத்தது. அம்மாவுக்கு இரண்டு வருடம். எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை என்றுதான் வைத்துக்கொள்ளேன்.

பிறகு நீ கடைத் தோட்டா சரியில்லை, ஒன்றைப்போல் ஒன்று இல்லை, நானே செய்யப்போகிறேன் என்று ஒரு பிரெஸ்ஸைக் கொண்டுவந்து வில்லரே பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில், மேசையோடு சேர்த்து முடுக்கினாய். சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளைக் கழுவி, பிரெஸ்ஸில் வைத்து உருவத்துக்குக் கொண்டுவந்து, அடியில் தீப்பொறி மூட்டும் சின்ன மூடியைப் புதிதாகப் பதித்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே ஈயச் சன்னத்தை இறுக்குகிற வேலை. உன்னுடைய துவக்குக்கு எவ்வளவு மருந்து பொருந்தும் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்ல ஏலாது, புத்தகம் எல்லையை மட்டும்தான் சொல்லும், அதற்குள் பல நிறைகளில் பத்துப் பத்தாகச் செய்து சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்று நீ விளக்கியபோது எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. இது சமையல் அல்லவா! டவுன்டவுனில் ஒரு கிரேக்கக்காரனின் குசினியில் இருபத்தாறு வருடம் நின்றவன் நான். ருசி பார்த்து, கூட்டிக் குறைத்துப் பதம் பிடிப்பது என் வேலை. இந்த ஒரு விஷயத்திலாவது பிள்ளை என்னிடம் வருவான் என்று நினைத்தேன்.

வந்தது அம்மா. அதுவும் அழுக்கு உடுப்புக் கூடையோடு. உன் தராசின் இலக்கம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். "தம்பி, மேல ஹீட்டர் காத்து அடிக்குது. தராசுக்குக் குளிர்காயத் தேவையில்லை," என்று சொல்லி, சோப்புத்தூள் பெட்டியை வெட்டி மூன்று பக்கமும் மறைப்புக் கட்டினார். "எப்ப போட்டனி இதை?" "இப்பதான் அம்மா." "அரை மணித்தியாலம் சும்மா விடு. அதுவும் மனிசர் மாதிரித்தான், எழும்பின உடனே உண்மை சொல்லாது." அன்றைக்கு அந்த உடுப்புகள் தோய்க்கப்படவில்லை. இருபத்திரண்டு வருடம் நிறுவை அறையில் மாத்திரைத் தூளை மில்லிகிராமில் நிறுத்தவருக்கு முன்னால் நீ ஒரு தராசைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய நீங்கள் இரண்டு பேரும் கீழே, நான் மேலே. நீ டவுன்டவுனில் தனி அறை எடுத்துப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. என்னைப் பார்க்க வருகிறாய் என்று ஒரு மாதம் நினைத்தேன். நிறுக்கும்போது ஒருவரும் கதைக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் நிறுத்து முடிந்ததும் கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். முப்பத்திரண்டு வருடத்தில் அம்மாவை நான் அப்படிச் சிரிக்க வைத்தது ஒரே ஒரு தடவை. அதுவும் பனியில் விழுந்து. உன்னைப் "பார்ட்னர்" என்று கூப்பிடத் தொடங்கினார். தாலி கட்டிய நான் "இஞ்சாருங்கோ", நீ பார்ட்னர். சாப்பாட்டு மேசையிலும் தசம புள்ளிகள்தான். ஓ.எல் பரீட்சையிலேயே கணக்கில் கவிழ்ந்தவன் நான். தசம புள்ளியைக் கண்டால் சோற்றில் கல் என்று ஒதுக்கி வைக்கிற ஆள். நீங்கள் இரண்டு பேரும் அந்தக் கல்லைக் கடித்துக் கடித்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஒரு மின்தராசு வாங்கி, அளந்து உப்புப் போட்டு மீன்குழம்பு வைத்தேன். "என்ன அப்பா, சுகமில்லையோ?" என்று நீ கேட்டாய். அந்தத் தராசு இப்போதும் அடுப்புக்குக் கீழே கிடக்கிறது. இன்னொரு நாள் உங்களோடு சுடுமிடத்துக்கும் வந்தேன். முதல் வெடி கேட்டதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே காருக்குத் திரும்பிவிட்டன. கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்து பார்த்தேன். காதுக்கவசம் போட்டுக்கொண்டு அம்மா உனக்குப் பின்னால் நின்று, வேகம் அளக்கும் கருவியின் இலக்கங்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். துவக்கை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. ஆனால் நீ ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் கடதாசியைப் பார்க்கவில்லை, திரும்பி அம்மாவைத்தான் பார்த்தாய். மூன்று பேருக்குக் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை நான் ஒருவனாகச் சாப்பிட்டு முடித்தேன். பசியில்லை மகன். வேறொன்று.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். போட்டிக்கு மூன்று கிழமை இருந்தது. முதல் சோதனையிலேயே நடு நிறை நன்றாக வந்திருந்தது, பத்துச் சன்னமும் ஒரு டொலர் காசுக்குள் அடங்கின என்று அந்தக் கடதாசியை ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாய். சின்ன வயதில் நீ வரைந்த படத்தை ஒட்டிய அதே காந்தத்தால். அதை உறுதிப்படுத்த இன்னொரு தடவை, ஐந்து நிறைகளில் பத்துப் பத்தாக ஐம்பது தோட்டா செய்து ஐந்து சின்னப் பெட்டிகளில் வைத்தீர்கள். டெப்பனர் என்கிற மூலைக் கடையில் வாங்கிய ஒட்டுநாடாவில் அம்மா அ, ஆ, இ, ஈ, உ என்று எழுதி ஒட்டியிருந்தார். அ-வில் மருந்து குறைவு, உ-வில் கூட. நான் ரோல்ஸ் பொரித்துத் தேத்தண்ணியோடு கீழே இறங்கினேன். அம்மா தலையை நிமிர்த்தாமலே, "எண்ணெய்க் கையோட கிட்ட வராதேங்கோ," என்றார். "அப்பா, அங்கயே வையுங்கோ, பேந்து எடுக்கிறம்," என்று நீ சொன்னாய். நான் தட்டை உடுப்பு மெஷினின் மேல் வைத்தேன். சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. எண்ணெய் பட்டால் மருந்து கெட்டுவிடும். ஆனால் இருபத்தாறு வருடம் அந்த எண்ணெய்க் கைதான் உங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டது என்று எனக்குள் ஒரு குரல் பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டது.

நீங்கள் வேலை முடித்துச் சாப்பிட மேலே வந்தீர்கள். ரோல்ஸ் தட்டைக் கீழேயே மறந்துவிட்டு வந்தீர்கள். அதை எடுக்கப் போகிறேன் என்று நான் இறங்கினேன். தட்டுக்காகப் போகவில்லை. கொப்பியைப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு பக்கத்திலும் அம்மாவின் கையெழுத்தில் "நிறுத்தவர்", உன் கையெழுத்தில் "சரிபார்த்தவர்". மூன்றாவது ஆளுக்கு அங்கே இடமில்லை. பிறகு பெட்டிகளை எடுத்துப் பார்த்தேன், அடுக்கியபடியே நடுவில் மூன்றை. கை கழுவவில்லை. வழுக்கியது. ஆ, இ, ஈ மூன்றும் மூடி திறந்து நிலத்தில் விழுந்து, முப்பது தோட்டாவும் உருண்டு, சில மெஷினுக்குக் கீழேயும் போய்விட்டன.

முழங்காலில் நின்று பொறுக்கினேன். சட்டையில் துடைத்தேன். பத்து, பத்து, பத்து. எண்ணிக்கை சரியாக வந்ததும் எனக்கு ஒரு பெருமை. குசினியில் முப்பது ரோல்ஸ் விழுந்தாலும் முப்பதும் ஒன்றுதானே. பிறகுதான் விளங்கியது, வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கிற இந்தச் சனியன்களில் எது ஆ, எது இ, எது ஈ என்று இனி யாருக்கும் தெரியாது. இரண்டை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் வைத்து ஏந்திப் பார்த்தேன். கையாலேயே உப்பின் அளவு சொல்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. கை ஒன்றும் சொல்லவில்லை. மூடிகளைப் போட்டு, வரிசை மாறாமல் அடுக்கி வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அம்மா கேட்டார். "ரோல்ஸ் ஆறிப்போச்சு," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை நீ அவற்றைச் சுடப் போனாய். அம்மாவுக்கு வேலை, வரவில்லை. அன்றைக்கு நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஐந்து நிறையும் புத்தகத்தின் எல்லைக்குள்தான் இருந்தன, எது எதோடு மாறினாலும் துவக்குக்கோ உனக்கோ ஆபத்து இல்லை என்பது இன்றைக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. தெரியாமலே உன்னை விட்டேன். ஒரு தொலைபேசி அடித்திருந்தால் போதும், அடிக்கவில்லை. உன் கார் மூலையில் திரும்பி, நீ இறங்கி, பத்து விரலும் இருப்பதை எண்ணிப் பார்த்த பிறகாவது சொல்லியிருக்கலாம். அதுவும் இல்லை.

அம்மா வேலையால் வந்ததும் நீ சாப்பாட்டு மேசையில் கொப்பியை விரித்தாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா, அ-வும் உ-வும் அச்சொட்டா வந்திருக்கு. நடுவில மூண்டும் ஒரே குழப்பம். ஒண்டு மெல்லப் போகுது, ஒண்டு வேகமாப் போகுது."

"மருந்து ஈரமோ?"

"ஒரே போத்தில் மருந்துதானே. நிறுக்கேக்கதான் எங்கயோ பிழைச்சிருக்கவேணும்."

"ரெண்டு தரம் பாத்தனான் தம்பி."

"நானும் பாத்தனான்தான். ஆனா இலக்கத்தை வாசிச்சது நீங்கள்தானே."

நீ கோபமாகச் சொல்லவில்லை. மெல்லத்தான் சொன்னாய். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டு, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நான் வாயைத் திறந்தேன். "வயசு போனால் கண் அப்பிடித்தான்," என்றேன். கத்தி பலகையில் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குள் என்ன இருந்தது என்று கேட்டால், சந்தோசம். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் மேலே இருப்பீர்கள் என்ற சந்தோசம். இந்தக் கடிதத்தில் எழுதக் கஷ்டப்பட்ட வசனம் இதுதான்.

மேலே ஒருவரும் இருக்கவில்லை. நீ கடைத் தோட்டாவோடு போட்டிக்குப் போய் ஏழாவதாக வந்தாய், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருக்கிறது என்றாய். அம்மா கண் பரிசோதனைக்குப் போனார். கண்ணில் ஒன்றும் இல்லை என்றார்கள். அது அவருக்கு இன்னும் மோசம். கண்ணில் இல்லையென்றால் வேறெங்கோ இருக்கவேண்டும் அல்லவா? ஒரு மாதம் கழித்து, தன்னை நிறுவை அறையிலிருந்து எடுத்துப் பொதி செய்யும் பகுதியில் போடச் சொல்லித் தானே கேட்டிருக்கிறார். "நான் நிறுக்கிறதை ஒரு பிள்ளை விழுங்கப்போகுது. சந்தேகத்தோட நிறுக்க ஏலாது," என்றார். கூட வேலை செய்கிறவர்கள் கேக் வெட்டினார்களாம். ஒரு துண்டு எனக்கும் கொண்டுவந்தார். நான் அதைச் சாப்பிட்டேன். அதுவும் போதாதென்று கோயில் மண்டபத்தில் "எங்கட வீட்டு நிறுவை இலாகாவை மூடியாச்சு, அதிகாரிக்குக் கண் தெரியேல்லை," என்று பகிடி விட்டு நாலைந்து பேரைச் சிரிக்கவும் வைத்தேன். அவர்கள் இதை வாசிக்கும்போது விளங்கிக்கொள்ளட்டும்: அதிகாரிக்குக் கண் நன்றாகத் தெரியும்.

போன ஞாயிறு நீ சாமான் கட்ட வந்து, பிரெஸ்ஸைக் கழற்றாமல், "இனி எனக்கு இது தேவைப்படாது அம்மா, ஞாபகத்துக்கு வைச்சிருங்கோ," என்று கொப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். அம்மா அதை எங்கள் ஞானஸ்நானப் பத்திரங்கள் இருக்கிற மேசை லாச்சியில் வைத்தார். வைத்துவிட்டு என்னிடம், "அவன் நல்ல பிள்ளை. என்ரை பிழையை ஒரு நாளும் சொல்லிக் காட்டேல்லை," என்றார். நான் அப்போது சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

அம்மா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, தொழிற்சாலையில் கேட்கிறதுபோல மூன்று கேள்வி கேட்டார். "எத்தினை பெட்டி?" மூன்று. "எண்டைக்கு?" சொன்னேன். "ஏன்?" கை வழுக்கிவிட்டது என்றேன். "அது எப்பிடி விழுந்தது எண்டதுக்குப் பதில். நான் கேட்டது ஏன் சொல்லேல்லை எண்டு." சட்டியில் கழுவ ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் கழுவிக்கொண்டிருந்தேன். அவர்களுடைய இடத்தில் பிழை விட்டவனை ஏச மாட்டார்களாம். விட்டவனே தன் கையால் எழுதவேண்டும்: என்ன நடந்தது, எப்படி, ஏன். நிறுத்தவர் அதை வாசித்துக் கையெழுத்து வைப்பார். அதற்குப் பிறகுதான் அறையைத் திரும்பத் திறப்பார்களாம். "பிள்ளைக்கு எழுதுங்கோ," என்று சொல்லிவிட்டு எழும்பினார். நாலு நாளாக என்னோடு கதைத்தது "சோறு இருக்கு" மட்டும்தான்.

நீ போகிற ஊரில் உனக்கும் ஒரு வீடு வரும், மனைவி வருவாள், பிள்ளைகள் வருவார்கள். உன் வீட்டிலும் ஒரு நாள் இரண்டு பேர் உன்னை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அப்போது தட்டோடு இறங்கிப் போகாதே. போனால், "எனக்கும் ஒரு வேலை தாங்கோ" என்று வாய் திறந்து கேள். நான் கேட்டிருந்தால் கோது கழுவவாவது விட்டிருப்பீர்கள். கழுவுவதில் என்னை அடிக்க ஆள் இல்லை என்பதைக் கிரேக்கக்காரனே சொல்லியிருக்கிறான். கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு மனுசியின் இருபத்திரண்டு வருடப் பெயரைக் கெடுத்துவிட்டேன். உன்னிடமும் ஒன்று சொல்லவேண்டும். அன்றைக்கு மேசையில் நீ சந்தேகப்பட்டது அந்த வீட்டில் பிழை விடவே தெரியாத ஆளை. பக்கத்தில் பிழையே உருவாக ஒருவன் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றான், அவனை நீ கணக்கிலேயே எடுக்கவில்லை. அதற்காகவும் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் எரிந்தது என்றால் சிரிப்பாய்.

வருகிற ஞாயிறு பூசை முடிய அம்மா ஆ, இ, ஈ மூன்று பெட்டிக்கும் புதிதாக மருந்து நிறுக்கப்போகிறார். கொப்பியை லாச்சியிலிருந்து எடுத்துவிட்டார், காற்று மறைப்புக்குப் புதுப் பெட்டியும் வெட்டிவிட்டார். சரிபார்க்க ஆள் வேண்டும். என்னைச் சேர்க்க மாட்டார், சேர்க்கவும் கூடாது. நீ வா. வந்து முதலில் அவரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லு, பிறகு சுடுகிறதோ விடுகிறதோ உன் விருப்பம். அந்த முப்பதின் நிறையும் சரியாக வந்தால் திங்கட்கிழமை தொழிற்சாலையில் தன் பழைய அறையைத் திரும்பக் கேட்பாராம். இதை எனக்குச் சொல்லவில்லை, தொலைபேசியில் தன் தங்கச்சியிடம் சொன்னது கேட்டது. நான் மேலே இருப்பேன். ரோல்ஸ் பொரிப்பேன், கொண்டு இறங்க மாட்டேன். கூப்பிட்டால் கை கழுவிக்கொண்டு வருவேன்.

அம்மாவின் முறைப்படி கடைசியில் எழுதவேண்டியது இது.

நடந்தது: மூன்று பெட்டித் தோட்டா கலந்தது. மறைத்தது.
செய்தவர்: அப்பா.
காரணம்: கொஞ்சம் பொறாமை.

இவ்வளவும் எழுதி, கையெழுத்து வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு பக்கத்தையும் ஒரு சொல் விடாமல் வாசித்தார். கீழே தன் பெயரை எழுதினார். பிறகு என் பேனையை வாங்கி, காரணம் என்ற இடத்தில் "கொஞ்சம்" என்பதன் மேல் நேராக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தன் முதல் எழுத்தைப் போட்டுவிட்டு, தராசைப் பார்க்கக் கீழே போய்விட்டார்.